எத்தனை பேர் குடியிருப்பார்கள்?

பெல் ஆன்ஸ், லூசியானா
2023 ஜனவரி 12

எல்ரே,

உட்கார்ந்துகொண்டு படி. நீ செத்துப்போய்விட்டாய். இந்த ஊர் நகராட்சியின் வீடு சீரமைப்பு அலுவலகத்தில் அப்படித்தான் பதிவாகியிருக்கிறது. எழுதிக் கொடுத்தவள் நான்தான்.

போனில் சொல்லலாம் என்றால், கப்பல் பட்டறையில் இரும்பைத் தட்டித் தட்டி உன் காது போய்விட்டது. நான் கத்தினால் உனக்குக் கேட்பதற்கு முன்னால் தெருவுக்கே கேட்டுவிடும். அதனால் எழுதுகிறேன்.

2020 புயலில் நம் கூரையில் பாதி போயிற்று. நீலத் தார்ப்பாய் போட்டுக் கொடுத்தார்கள், ஒரு மாசம் தாங்கும் என்றார்கள். இப்போது கிடப்பது மூன்றாவது பாய். இன்ஷூரன்ஸ்காரன் கொடுத்தது பின்பக்கச் சுவருக்கே சரியாகிவிட்டது. போன வருஷம் வாஷிங்டனிலிருந்து பேரிடர் நிதி நம் நகரத்துக்கு வந்தது. அதை எதற்குச் செலவழிப்பது என்று நகரசபையில் பொதுக்கூட்டம் போட்டார்கள். டை கட்டியவர்கள் வரிசையாக எழுந்து, ஏரிக்கரையில் நடைபாதை போடலாம், மாநாட்டு மண்டபத்தைப் பெரிதாக்கலாம் என்றார்கள். ஊர்க்காரர் யாரும் ஆளுக்கு மூன்று நிமிஷம் பேசலாம். நானும் போய் மைக்கைப் பிடித்தேன்.

"ஐயா, மண்டபம் கட்டுங்க, நான் வேண்டாங்கல. மழை பெய்யற அன்னைக்கு எங்க தெருவே போர்வை தலைகாணியோட அங்க வந்து படுத்துக்கறோம். கதவை மட்டும் திறந்து வைங்க"ன்னு சொன்னேன். சபையே சிரித்தது. கடைசியில் நிதியின் பெரும்பங்கு வீடுகளைச் சரிசெய்ய, அதிலும் வயதானவர்களுக்கும் வருமானம் குறைந்தவர்களுக்கும் முதலில் என்று முடிவாயிற்று. என்னால்தான் என்று நான் சொல்லவில்லை. இல்லை என்று இதுவரை யாரும் வந்து மறுக்கவும் இல்லை.

விண்ணப்பத்தில்தான் வினை வந்தது. மூன்று கட்டங்கள்: மணமானவர், விவாகரத்தானவர், கணவரை இழந்தவர். நம் ஊர்ப் பழக்கம் உனக்குத் தெரியும். புருஷன் விட்டுப் போனால் எந்தப் பெண்ணும் அதை வாயால் சொல்ல மாட்டாள். "கடல்ல எண்ணெய்க் கிணத்துல வேலையா இருக்கார்" என்பாள். பாதி ஆண்கள் நிஜமாகவே அங்கே இருப்பதால் யாரும் துருவிக் கேட்பதில்லை. நானும் பல வருஷம் உன்னைக் கடலில்தான் வைத்திருந்தேன். "ஏன்டி, கிறிஸ்துமசுக்குக்கூட லீவு தர மாட்டாங்களா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். அலுத்துப்போய் ஒரு நாள் உன்னைக் கடலிலேயே மூழ்கடித்துவிட்டேன். நவம்பர் மாதம் சர்ச்சில் இறந்தவர்களுக்காக ஜெபிக்கும் பட்டியலில் உன் பெயரும் எட்டு வருஷமாக வாசிக்கப்படுகிறது. பழக்க தோஷம், கை தானாகப் போய் மூன்றாவது கட்டத்தில் டிக் போட்டுவிட்டது.

வீட்டுப் பத்திரமோ இரண்டு பேர் பெயரிலும் இருக்கிறது. இப்போது மரணச் சான்றிதழ் எங்கே என்கிறார்கள். என் கோப்பைப் பார்க்கும் பெண் கீயானா நல்லவள், சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னாள்: "மிஸ் வெர்னிஸ், ஒண்ணு சர்டிஃபிகேட் கொண்டு வாங்க, இல்லன்னா ஆளைக் கொண்டு வாங்க." பிப்ரவரி பத்துக்குள் சரிசெய்யாவிட்டால் பொய்த் தகவல் என்று கோப்பை மூடிவிடுவார்கள். நீ நோட்டரி முன்னால் நின்று, உயிரோடு இருப்பதாகக் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும்.

பதினேழு வருஷத்தில் உன்னிடம் ஒன்றும் கேட்டதில்லை. முதல் தடவையாகக் கேட்கிறேன், உயிரோடு இரு.

இந்தத் தெருவைப் பொறுத்தவரை உன் விதவை,
வெர்னிஸ்

*

மொபீல், அலபாமா
2023 ஜனவரி 21

அன்புள்ள வெர்னிஸ்,

அடக்கம் எல்லாம் நல்லபடியாக நடந்ததா? பலகாரம் என்ன போட்டாய்?

எட்டு வருஷ ஜெபம் வீண்போகவில்லை என்று தெரிந்துகொள். மூன்று வருஷம் முன்பு நெஞ்சில் அடைப்பு எடுத்தார்கள். "நீங்க பிழைச்சது ஆச்சரியம்தான்"னு டாக்டரே சொன்னார். இப்போதல்லவா காரணம் தெரிகிறது.

நோட்டரி ஆபீசில் இருந்த அம்மாள், "எதுக்குங்க இந்தப் பிரமாணம்?" என்று கேட்டாள். "என் பொண்டாட்டி என்னைக் கொன்னுட்டா, அதான்" என்றேன். அவள் போலீசைக் கூப்பிடப் போய்விட்டாள். உன் கடிதத்தைக் காட்டிய பிறகுதான் முத்திரை குத்தினாள். பிரமாணப் பத்திரம் இதோடு இருக்கிறது.

சிரித்துச் சிரித்துப் படித்தேன், மூன்றாவது தார்ப்பாய் என்ற வரி வரும்வரை. அதற்கு மேல் சிரிப்பு வரவில்லை. புயல் வந்தபோது டிவி முன்னாலேயே இரண்டு நாள் உட்கார்ந்திருந்தேன், நம் தெருவைக் காட்டுகிறானா என்று. ஊர் முழுக்கக் காட்டினான், நம் தெருவை மட்டும் காட்டவில்லை. போனைக் கையில் எடுத்து எடுத்து வைத்தேன். எடுத்து என்ன கேட்பது? வீடு எப்படி இருக்கிறது என்றா? அதைக் கேட்கும் யோக்கியதை எனக்கு இல்லை.

2005 புயலுக்குப் பிறகு வீட்டை விற்றுவிட்டு மொபீலுக்குப் போகலாம், இங்கே பட்டறையில் வேலை இருக்கிறது என்று நச்சரித்தவன் நான். "வீடா, நானா? ஒண்ணைச் சொல்லு" என்று சமையலறையில் நின்று கத்தியவனும் நான். நீ கண்ணைக்கூட இமைக்காமல் "வீடு" என்றாய். அந்தக் கோபத்தில்தான் கிளம்பினேன். ஒரு வாரத்தில் கோபம் போய்விட்டது. மிச்சமிருந்தது வெறும் ரோஷம், அதற்குத்தான் பதினேழு வருஷம்.

உள்ளே மழை ஒழுகுகிறதா? உண்மையைச் சொல்.

உயிரோடு இருப்பதாக முத்திரையுடன்,
எல்ரே

*

பெல் ஆன்ஸ்
2023 பிப்ரவரி 18

எல்ரே,

பிரமாணப் பத்திரம் வந்து சேர்ந்தது. கீயானா அதை ஆபீசில் எல்லோருக்கும் படித்துக் காட்டினாள். நீ அங்கே பெரிய ஆளாகிவிட்டாய்.

மழை முன்னறையில் ஒழுகுகிறது, படுக்கையறையில் ஒழுகுகிறது. நீ கட்டிய பின்னறை மட்டும் ஒழுகவில்லை. அதற்காகத் தலைக்கனம் வேண்டாம், அந்த அறைக்கு நீ ஜன்னலே வைக்கவில்லை, வேகிறது.

இன்னும் இரண்டு காரியம் ஆக வேண்டும். நாம் சட்டப்படி புருஷன் பெண்டாட்டி என்பதால் உன் பென்ஷனையும் என் கணக்கில் சேர்க்கப் பார்த்தார்கள். சேர்த்தால் வருமான வரம்பைத் தாண்டிவிடுமாம், உதவி கிடைக்காதாம். பிரிந்து வாழ்கிறோம் என்று இருவரும் எழுதிக் கொடுத்தால் என் வருமானம் மட்டும்தான் பார்ப்பார்களாம். அந்தப் படிவம் இதோடு இருக்கிறது. இன்னொன்று, வீட்டில் உன் பாதியை என் பெயருக்கு எழுதித் தர வேண்டும். இங்கே குடியிருக்கிறவர் பெயரில்தான் வீடு இருக்க வேண்டுமாம். கேட்க எனக்கு நாக்கு எழவில்லை, இருந்தாலும் கேட்கிறேன்.

கெட்ட செய்தியைக் கடைசியில் வைத்திருக்கிறேன். இன்ஸ்பெக்டர் வந்து, குட்டைத் தூண்கள் மேல் நிற்கும் நம் வீட்டுக்கு அடியில் தவழ்ந்து பார்த்துவிட்டு, முழங்காலில் மண்ணோடு எழுந்து நின்றார். "அம்மா, தூணெல்லாம் உளுத்துப்போச்சு. சரிபண்ற செலவு வீட்டு மதிப்புல பாதிக்கு மேல போகுது. அப்படின்னா இடிச்சிட்டுப் புதுசா கட்டித்தரணும், அதான் விதி" என்றார். "எதை இடிக்கப் போறீங்க?" என்று கேட்டேன். காது கேட்காமல் கேட்டேன் என்று நினைத்தாரோ என்னவோ, உரக்க ஒருமுறை சொன்னார்.

புது வீடு என்றால் சந்தோஷப்பட வேண்டும்தானே? பக்கத்து வீட்டுக்காரி "உனக்கு அடிச்சது யோகம்டி" என்கிறாள். நானோ உன்னை விட்டுவிட்டு இந்த வீட்டைப் பிடித்துக்கொண்டேன். அதையும் மஞ்சள் இயந்திரம் வந்து ஒரு காலையில் அள்ளிக்கொண்டு போகப்போகிறது. அப்படியானால் இத்தனை வருஷம் நான் எதைக் காப்பாற்றினேன்? இதை உன்னிடம் தவிர யாரிடமும் கேட்க முடியாது, உன்னிடம் கேட்கவும் வெட்கமாக இருக்கிறது.

வெர்னிஸ்

*

மொபீல்
2023 மார்ச் 6

அன்புள்ள வெர்னிஸ்,

இரண்டு தாளிலும் கையெழுத்துப் போட்டுவிட்டேன். அதே நோட்டரி அம்மாள்தான். "ஜனவரியில செத்துப் பிழைச்சீங்க, இந்த மாசம் பிரிஞ்சு போறீங்க, அடுத்த மாசம் என்ன?" என்றாள். என் பாதி இப்போது உன்னுடையது. இதற்கு நாக்கு எழவில்லை என்று எழுதியிருந்தாய். பதினேழு வருஷமாக நீதான் வரி கட்டினாய், நீதான் பெயின்ட் அடித்தாய். என் பாதியில் நான் ஒரு ஆணிகூட அடிக்கவில்லை.

நீ கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். நான் வெல்டர். கப்பல் துருப்பிடித்தால் தகட்டை மாற்றுவோம், பேரை மாற்ற மாட்டோம், அவ்வளவுதான் எனக்குத் தெரியும். நீ காப்பாற்றியது உன் தெரு, உன் சர்ச், உன் சிநேகிதிகள். இங்கே எனக்குப் பக்கத்து வீட்டுக்காரர் பேரே ஐந்து வருஷம் கழித்துத்தான் தெரிந்தது.

இடிக்கும் நாளைச் சொல். நான் வருகிறேன். நீ தனியாக நின்று அதைப் பார்க்கக் கூடாது. வேண்டாம் என்று எழுதாதே, எழுதினாலும் வருவேன்.

உன் எல்ரே

*

பெல் ஆன்ஸ்
2023 ஏப்ரல் 29

என் எல்ரே,

ஊர் போய்ச் சேர்ந்த தகவலை ஒரு அட்டையில் இரண்டு வரி எழுதிப் போட்டிருக்கலாம். மாறவே மாட்டாய்.

நீ வந்ததற்கு நன்றி சொன்னேனா? சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். இயந்திரம் முதலில் கூரையில் கைவைத்தபோது நீ என் முழங்கையைப் பிடித்தாயே, விடவே இல்லையே, நான்கு நாள் தடம் இருந்தது. ஓட்டுநரிடம் போய், "தம்பி, கொஞ்சம் மெதுவா. அந்தம்மா வீடு அது" என்று நீ சொன்னாய். உனக்குக் காது கேட்காததால் ஊருக்கே கேட்கும்படி சொன்னாய். அந்தப் பையன் இயந்திரத்தை நிறுத்திவிட்டுத் தொப்பியைக் கழற்றினான். அப்போது அழுதவள்தான், நீ பஸ் ஏறும் வரைக்கும் நிறுத்தவில்லை.

தெருக்காரிகள் முகத்தைப் பார்த்தாயா? செத்தவன் எழுந்து வந்து கம்போ இறால் குழம்பை இரண்டு தட்டு காலி பண்ணினால் அப்படித்தான் பார்ப்பார்கள். பாதிரியார் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "நவம்பர் லிஸ்ட்ல என்னம்மா செய்யறது?" என்றார். எடுத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

நான் இப்போது சர்ச் வளாகத்தில் நிறுத்தியிருக்கும் டிரெய்லர் வண்டியில் குடியிருக்கிறேன். சௌகரியம்தான். அடுத்த மாசம் புது வீட்டுக்கு அடித்தளம் போடப்போகிறார்கள். வெள்ளம் வந்தால் தப்பிக்க எட்டடி உயரத் தூண் மேல் கட்டுவார்களாம். அதற்கு முன் ஒரே ஒரு படிவம் பாக்கி. "கட்டி முடிந்த வீட்டில் எத்தனை பேர் குடியிருப்பார்கள்?" என்று கேட்டிருக்கிறது. ஒருவர் என்றால் சின்ன அளவு, இருவர் என்றால் கொஞ்சம் பெரியது.

நான் கீழே கையெழுத்துப் போட்டுவிட்டேன். எண் எழுதும் கட்டத்தைக் காலியாக விட்டு உனக்கு அனுப்பியிருக்கிறேன். நீ எழுதி அனுப்பு. நீ எதை எழுதினாலும் அப்படியே கொண்டுபோய்க் கொடுப்பேன். அன்றைக்குச் சமையலறையில் நீ கேட்டாய், நான் பதில் சொன்னேன். இப்போது நான் கேட்கிறேன்.

மே பதினைந்து கடைசி நாள். யோசித்து எழுது, ஆனால் ரொம்ப யோசிக்காதே.

உன் வெர்னிஸ்

*

மொபீல்
2023 மே 7

என் வெர்னிஸ்,

படிவத்தின் முதல் பக்கத்தை மட்டும் அனுப்பியிருக்கிறாய். அடியில் "பக்கம் ஒன்று, மொத்தம் இரண்டு" என்று அச்சடித்திருக்கிறது. காதுதான் போயிற்று, கண் நன்றாகவே தெரிகிறது.

பக்கத்து வீட்டுக்காரரை விட்டுக் கீயானாவுக்கு போன் போடச் சொன்னேன். அவள் சொன்னதை அவர் ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்து காட்டினார். "அவர் வந்து குடியிருந்தா அவர் பென்ஷனும் சேரும். சேர்ந்தா வரம்பு தாண்டிடும், ஃபைலை மூடறதைத் தவிர வழியில்ல. வீடு கொடுத்த பிறகும் மூணு வருஷம் வருஷா வருஷம் யார் யார் குடியிருக்காங்கன்னு எழுதித் தரணும். மிஸ் வெர்னிஸ்கிட்ட இதை ரெண்டு தடவை சொல்லிட்டேன்." இரண்டு தடவை சொன்னாளாம். நீ என்னிடம் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

பழைய வீடும் போய், புது வீடும் இல்லாமல், எழுபது வயதில் டிரெய்லரில் என்னோடு குடித்தனம் பண்ணலாம் என்று நினைத்தாயா? அடி பைத்தியமே. உன் கடிதத்தைப் படித்துவிட்டு வெகு நேரம் கையிலேயே வைத்திருந்தேன். இப்படி ஒரு கேள்வியை யாராவது என்னிடம் கேட்பார்கள் என்று நான் எதிர்பார்த்ததே இல்லை. எனக்கு அதுவே போதும், நிஜமாகவே போதும்.

இரண்டு பேர் இருந்துகொண்டு ஒருவர் என்று எழுதலாமே என்று உனக்குத் தோன்றும். வேண்டாம். ஒரு கட்டத்தில் பொய் டிக் போட்டு நாம் பட்டது போதும். உன்னைப் போல இன்னும் எத்தனையோ பேர் தார்ப்பாயின் கீழ் வரிசையில் நிற்கிறார்கள், அவர்கள் இடத்தை நாம் பொய் சொல்லிப் பிடிக்கக் கூடாது.

கட்டத்தில் "1" என்று எழுதியிருக்கிறேன். கொஞ்சம் கோணலாக இருக்கிறது, அவர்களுக்குப் புரியும். அன்றைக்கு நீ சொன்ன பதில் சரிதான் வெர்னிஸ். நான் கேட்ட கேள்விதான் தப்பு.

இதற்குப் பதில் எழுதாதே. எழுதினால் நான் மறுபடி பஸ் ஏறிவிடுவேன். பிறகு எல்லாம் கெட்டுவிடும். நீ எழுதியபடியே படிவத்தைக் கொண்டுபோய்க் கொடு.

எப்போதும் உன்
எல்ரே

*

பெல் ஆன்ஸ்
2023 டிசம்பர் 9

எல்ரே,

எழுதாதே என்றாய். ஏழு மாசம் எழுதவில்லை. என் வாழ்க்கையில் நீ சொன்ன பேச்சை நான் கேட்டது இதுதான் முதல் தடவை. நன்றாக அனுபவித்துக்கொள், இனிமேல் கிடைக்காது.

படிவத்தைக் கொடுத்தேன். கீயானா அந்தக் கோணல் எண்ணைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். எழுந்து வந்து கட்டிக்கொண்டாள். வெளியே வந்து கார் நிறுத்தும் இடத்தில் நின்று உன்னை வாய்க்கு வந்தபடி திட்டினேன். பிறகு வீட்டுக்கு, அதாவது டிரெய்லருக்கு, போய் மூன்று நாள் கதவையே திறக்கவில்லை. உன் மேல் எனக்கு இவ்வளவு ஆசை மிச்சம் இருக்கிறது என்று எனக்கே தெரியாது. அதையும் எழுதிவிட்டேன், வைத்துக்கொள்.

போன செவ்வாய்க்கிழமை சாவி கொடுத்தார்கள். ஒரு படுக்கையறை, ஒரு சமையலறை, முன்னால் அகலமான தாழ்வாரம். பதினாறு படி ஏற வேண்டும். கூரை ஒழுகுகிறதா என்று முதல் மழைக்கு ஒரு பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு அறை அறையாக அலைந்தேன். ஒரு சொட்டு விழவில்லை. பாத்திரத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன்.

நேற்று கீயானா கடைசிக் கையெழுத்து வாங்க வந்தாள். மூன்று வருஷ விதியை மறுபடி வாசித்துக் காட்டினாள். அப்போதுதான் கேட்டேன், "கண்ணு, இந்த விதி என் வீட்டுல யார் குடியிருக்காங்கன்னுதானே கேக்குது? எதிர் வீட்டுல யார் குடியிருக்காங்கன்னு கேக்குதா?" அவள் தாளை மேலிருந்து கீழ் வரை படித்தாள், திருப்பி இன்னொரு முறை படித்தாள். "இல்ல மிஸ் வெர்னிஸ். எதிர் வீட்டைப் பத்தி நகராட்சிக்கு ஒரு கவலையும் இல்ல" என்றாள்.

எதிர் வீட்டு லோரேனாவின் மகன் ஹூஸ்டனுக்குப் போய்விட்டான். கார் ஷெட்டுக்கு மேலே அவன் இருந்த அறை காலியாக இருக்கிறது. உனக்கென்று பேசி வைத்திருக்கிறேன். வாடகையை நீதான் கட்ட வேண்டும், பென்ஷன் வாங்குகிறாய் அல்லவா? என் தாழ்வாரத்திலிருந்து பார்த்தால் அந்த ஜன்னல் நேராகத் தெரிகிறது, நடந்து எண்ணிப் பார்த்தேன், நாற்பத்திரண்டு காலடி.

நாம் எழுதிக் கொடுத்தபடி பிரிந்து வாழ்கிறவர்கள், அப்படியே இருப்போம். மூன்று வருஷத்துக்கு நீ அங்கே தூங்கு, நான் இங்கே தூங்குகிறேன். கல்யாணத்துக்கு முன்னால் என்னைச் சரியாகக் காதலிக்காமலேயே அவசரப்பட்டு மோதிரம் போட்டுவிட்டாய், அந்தக் குறையை இந்த மூன்று வருஷத்தில் தீர்த்துவிடு. ஊர் சிரிக்கும், சிரிக்கட்டும். இந்த வயதில் வேறு யாருக்கு அந்த யோகம்?

பஸ் டிக்கெட் எடுத்ததும் ஒரு அட்டை போடு, இரண்டு வரி போதும். சாப்பாடு ஆறு மணிக்கு. வந்ததும் கதவைத் தட்டு, தள்ளிக்கொண்டு உள்ளே வராதே. வீடு என் பேரில் இருக்கிறது.

காத்திருக்கும்
வெர்னிஸ்